பிரித்தானியாவின் விலகலும் அது எழுப்பிய வினாக்களும்

பல நாடுகள் தம் விருப்பத்தோடு கூடி ஓர் ஒன்றியமாக அமைவது உலக வரலாற்றில் அரிதாக நிகழ்வது. அவ்வாறு அமைந்த ஒன்றியத்தினின்றும் ஒரு நாடு, போரும் புரட்சியுமின்றி, சட்ட முறைப்படி விலகிச் செல்வது அதனினும் அரிது. 2020ஆம் ஆண்டு சனவரி மாதம் 31ஆம் நாள் இரவு பதினொரு மணிக்கு ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியது. நாற்பத்தேழு ஆண்டு உறவு அவ்விரவோடு முடிவெய்தியது.

விலகுவதா, இருப்பதா என்னும் வினாவுக்கு விடை 2016ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாளில், ஒரே நாள் வாக்கெடுப்பிற் கிடைத்துவிட்டது. ஆனால், எவ்வாறு விலகுவது என்னும் வினாவுக்கு விடை காண மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அக்காலத்துள் இரு பிரதம மந்திரிகள் பதவி துறந்தனர். இரு பொதுத் தேர்தல்கள் நடந்தன. நாட்டின் உயர் நீதிமன்றம் இருமுறை தலையிட நேர்ந்தது. பாராளுமன்ற ஆட்சிக்குத் தாயகமென மதிக்கப்படும் நாடு இத்துணை இடர்ப்பட்டது ஏன்? இதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் உறவு தொடங்கிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிரான்சும் ஜேர்மனியும் மீண்டுமொருமுறை மோதாதிருக்க வழி யாது என்று ஐரோப்பியத் தலைவர்கள் சிந்தித்தனர். போர்க்கருவிகளுக்கு வேண்டிய நிலக்கரியையும் உருக்கையும் பொது நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தால், எந்த நாடும் தனித்துப் போருக்கு ஆயத்தஞ் செய்தல் இயலாதென அவர்கள் கருதினர். அவ்வெண்ணத்தின் பயனாக 1951இல் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1957இல் உரோமாபுரியிற் கைச்சாத்தான உடன்படிக்கையினால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தோன்றியது.

பிரித்தானியா அப்பொழுது இவற்றிற் சேரவில்லை. அதன் வணிகமும் எண்ணமும் பெரும்பாலும் பொதுநலவாய நாடுகளையும் அமெரிக்காவையும் நோக்கியிருந்தன. எனினும் ஆறு நாடுகளின் செல்வம் விரைந்து வளர்வதைக் கண்ட பிரதம மந்திரி மக்மிலன் 1961இல் சேர விண்ணப்பித்தார். பிரெஞ்சுத் தலைவர் டி கோல் 1963இல் அதனை மறுத்தார், 1967இலும் மறுத்தார். அவர் பதவி நீங்கிய பின்னரே, எட்வேட் ஹீத் பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், 1973 சனவரி முதலாம் நாள் பிரித்தானியா உறுப்புரிமை பெற்றது. இரண்டாண்டுகள் கழிந்து, 1975இல், தொடர்ந்து இருப்பதா என்று மக்களிடம் வினவப்பட்டபோது, வாக்களித்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இருப்போம் என்றனர்.

ஆகவே 2016இல் எழுந்தது புதிய வழக்கன்று; பழைய வழக்கின் மேன்முறையீடே எனலாம். ஆனால் இடைக்காலத்தில் கட்சிகள் இடம் மாறியிருந்தன. 1975இல் உறுப்புரிமையை வன்மையாக எதிர்த்தவர்கள் பெரும்பாலும் தொழிற் கட்சியின் இடதுசாரிகள். பின்னர், பொதுச் சந்தை என்ற அளவில் நில்லாது, பொது நாணயம், பொதுக் குடியுரிமை என்று ஒன்றியம் விரிந்தபோது, எதிர்ப்பு கன்சவேற்றிவ் கட்சியினுள்ளே வேரூன்றியது. 1992இற் கைச்சாத்தான மாஸ்திரிக்ட் உடன்படிக்கையே அதற்குப் பெருந் தூண்டுகோலாயிற்று. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்தமையும், அந்நாடுகளிலிருந்து தொழில் தேடி வந்தோர் தொகை மிகுந்தமையும் எதிர்ப்பைப் பொதுமக்களிடையே பரப்பின. கட்சிப் பூசலைத் தீர்க்கக் கருதிய பிரதம மந்திரி டேவிட் கமரன், சர்வசன வாக்கெடுப்பு நடத்துவதாக 2013இல் வாக்குறுதி அளித்தார்.

இனி, இரு பக்கத்தார் கூறிய நியாயங்களை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். விலக வேண்டுமென்றோரின் தலையாய நியாயம் இறைமை. ஒன்றியத்தின் சட்டத்துக்கும் உறுப்பு நாட்டின் சட்டத்துக்கும் முரண்பாடு நேரின், ஒன்றியச் சட்டமே மேம்படும். நாம் வாக்களித்துத் தெரிந்தவர்களை, அவர்கள் இயற்றுஞ் சட்டம் பிடியாவிடின், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். பிரசல்ஸ் நகரில் இருப்போரை அவ்வாறு அனுப்ப இயலுமா என்று அவர்கள் கேட்டனர். இவ்வினா எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. உறுப்பு நாடுகளிலிருந்து வருவோரைத் தடுக்கும் உரிமை இன்மையும், ஒன்றியத்துக்குச் செலுத்தும் பணமும் அவர்களின் ஏனைய குறைகள்.

இருக்க வேண்டுமென்றோர், தனித்து வைத்திருக்கும் அதிகாரத்தினும் கூடிப் பயன்படுத்தும் அதிகாரம் வலிதென்றனர். ஏற்றுமதியில் ஏறத்தாழ அரைப் பங்கு ஒன்றிய நாடுகளுக்கே செல்கின்றதென்பதையும், விலகிய பின்னரும் அச்சந்தையில் விற்பதற்கு அதன் விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்பதையும், அப்பொழுது அவ்விதிகளை ஆக்கும் அவையில் தமக்கு இடம் இராதென்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். இதுவும் வலிய நியாயமே.

ஆனால் பிரசார மேடையில் நியாயங்களினும் மிகைப்படுத்தல்களே ஓங்கி ஒலித்தன. ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 350 மில்லியன் பவுண் செல்கின்றதென்று ஒரு பேருந்தின் பக்கத்தில் எழுதி ஊரெங்கும் ஓட்டினர். பிரித்தானியாவுக்கு விட்டுக்கொடுக்கப்படும் கழிவையும், திரும்பி வரும் மானியங்களையும் அத்தொகை கணக்கிற் கொள்ளவில்லை. மறுபுறத்தில், விலக வாக்களித்தவுடனேயே பொருளாதாரம் பின்னடையுமென்று திறைசேரி எச்சரித்தது. அவ்வுடனடிப் பின்னடைவு நிகழவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரத்துக்கு முன், இருக்க வேண்டுமென்ற பக்கத்தைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ், தீவிரவாதி ஒருவனாற் கொல்லப்பட்டார். சொற்போர் எல்லை கடந்தால் என்ன நேரும் என்பதற்கு அது கொடிய சான்றாயிற்று.

வாக்கெடுப்பில் நூற்றுக்கு 51.9 விழுக்காட்டினர் விலகவும், 48.1 விழுக்காட்டினர் இருக்கவும் வாக்களித்தனர். தொகையாகக் கூறின், ஒரு கோடி எழுபத்து நான்கு இலட்சத்துக்கு எதிராக ஒரு கோடி அறுபத்தோர் இலட்சம். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகவும், ஸ்கொத்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கவும் விரும்பின. பிரித்தானியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரரும் ஜேர்மானியரும் தம் வாழ்வையே பாதிக்கும் இவ்வினாவில் வாக்களிக்க உரிமையற்றிருந்தனர். ஆனால் அங்கு வாழ்ந்த பொதுநலவாய நாட்டவர்க்கு, அவருள் நம் இலங்கையருக்கும், அவ்வுரிமை இருந்தது. பழைய உறவும் புதிய உறவும் சட்டத்துள் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனியே சிக்கல் தொடங்குகின்றது. வாக்குச் சீட்டு இரு விடைகளையே தந்தது: இருத்தல், விலகுதல். இருத்தல் ஒருவகைத்து, விலகுதலோ பலவகைத்து. நோர்வேயைப்போல ஒன்றியத்துக்கு வெளியே நின்று பொதுச் சந்தையில் மட்டும் பங்கு கொள்ளலாம். ஆனால் அதற்கு மக்கள் தடையின்றி வந்துபோதலை ஏற்க வேண்டும். துருக்கியைப்போலச் சுங்க ஒன்றியமொன்றை அமைக்கலாம். ஆனால் அதனாற் பிற நாடுகளோடு தனித்துத் தீர்வை ஒப்பந்தஞ் செய்யும் உரிமை குறுகும். கனடாவைப்போல வணிக ஒப்பந்தம் மட்டும் செய்யலாம். ஆனால் எல்லையிற் சோதனை வரும். எவ்வொப்பந்தமுமின்றி வெளியேறலாம், அதன் விளைவோ யாவற்றினும் கடுமையானது. விலக வாக்களித்தோர் இவற்றுள் எதனை வேண்டினர் என்பதை வாக்குப் பெட்டி கூறவில்லை. வீட்டை விட்டுப் புறப்படுக என்ற கட்டளை கிடைத்தது, சேருமிடம் எழுதப்படவில்லை.

இவ்விடர் வேறெங்கினும் அயர்லாந்திலே கூர்மையாக வெளிப்பட்டது. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான நில எல்லை உளது. முப்பதாண்டுக் கலகத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபின், 1998ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்பாட்டினால் அங்கு அமைதி ஏற்பட்டது. அதன்பின் எல்லையிலிருந்த படைக் காவல் நிலையங்கள் அகற்றப்பட்டன. பொதுச் சந்தை நிலவியதாற் சுங்கச் சாவடிகளுக்கும் தேவை இருக்கவில்லை. ஒரு கிராமத்து உழவன் எல்லையை உணராமலே தன் வயலுக்குச் சென்று வந்தான்.

விலகிய பின்னர் அந்த எல்லை இரு வேறு சுங்க ஆட்சிகளின் எல்லையாகும். வேலி இல்லாத இரு வளவுகளில் ஒன்றை ஒருவர் விற்றுவிட்டால், அடுத்த நாளே வேலி எங்கே என்ற வழக்கு எழுவது நாம் அறிந்ததே. ஐக்கிய இராச்சியம் மூன்று பொருள்களை ஒருங்கே விரும்பியது: சுங்க ஒன்றியத்தை விட்டு முற்றாக நீங்குதல், அயர்லாந்து எல்லையிற் சோதனை இன்மை, வட அயர்லாந்துக்கும் ஏனைய பகுதிகளுக்குமிடையே சோதனை இன்மை. இவற்றுள் எவையேனும் இரண்டைப் பெறலாம். மூன்றையும் பெறல் இயலாது. மூன்றரை ஆண்டு விவாதத்தின் பெரும்பகுதி, இவ்வெளிய உண்மையை ஏற்றுக்கொள்வதற்கான போராட்டமே என்று கூறின் மிகையாகாது.

கமரனுக்குப்பின் பிரதம மந்திரியான தெரேசா மே முதலாவதைச் சிறிது விட்டுக்கொடுக்க முன்வந்தார். வேறு வழி காணும்வரை நாடு முழுவதும் ஒன்றியத்தோடு பொதுச் சுங்க எல்லைக்குள் இருக்கும் என்றார். 2019 சனவரி 15ஆம் நாள் பாராளுமன்றம் அவ்வொப்பந்தத்தை 202க்கு எதிராக 432 வாக்குகளால் நிராகரித்தது. அரசாங்கமொன்று 230 வாக்குகளால் தோல்வியுற்றமை அண்மைக்கால வரலாறு காணாதது. அவ்வொப்பந்தம் மேலும் இருமுறை தோற்றது. இதற்கிடையே உறுப்பினர்களே எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டபோது, அவற்றுள் ஒன்றேனும் பெரும்பான்மை பெறவில்லை.

மக்களின் பிரதிநிதிகள் மக்களின் தீர்ப்பை மறுக்கின்றனர் என்று ஒரு சாரார் சினந்தனர். ஆயினும் இங்கு ஆழமான வினாவொன்று உண்டு. 1774இல் எட்மண்ட் பேர்க் என்னும் அறிஞர் தம் தொகுதி மக்களுக்கு உரைத்தபோது, பிரதிநிதி என்பவன் தன் அறிவையும் மனச்சாட்சியையும் அவர்க்கு அளிக்கக் கடமைப்பட்டவனேயன்றி, அவர் கட்டளையை ஒப்புவிக்கும் தூதனல்லன் என்ற கொள்கையை நிறுவினார். சர்வசன வாக்கெடுப்போ பிரதிநிதியைத் தூதனாக்குகின்றது. எழுதப்பட்ட ஒரே யாப்பில்லாத நாட்டில், இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று முட்டி நின்றன. அரசாங்கம் பாராளுமன்றத்தின் இசைவின்றி விலகல் அறிவித்தல் கொடுக்க இயலாதென 2017இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 செத்தெம்பரில், மேயின் பின் வந்த பொரிஸ் ஜோன்சன் பாராளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைத்தமை செல்லாதென்று பதினொரு நீதியரசர்களும் ஒருமனமாகத் தீர்த்தனர்.

ஈற்றில் ஜோன்சன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். வட அயர்லாந்து பண்டங்களைப் பொறுத்தவரை ஒன்றியத்தின் விதிகளைத் தொடர்ந்து பின்பற்ற, சோதனை அயர்லாந்துக் கடலுக்கு மாறியது. 2019 டிசெம்பர்த் தேர்தலில் அவர் கட்சி எண்பது ஆசனப் பெரும்பான்மை பெற்றது, ஒப்பந்தமும் நிறைவேறியது. எனினும் தாம் தாய்நாட்டிலிருந்து பிரிக்கப்பட்டோம் என்று வட அயர்லாந்தின் ஒரு பகுதியினர் மனம் புண்பட்டனர். 2023இல் வின்சர் ஏற்பாட்டின் மூலம் அச்சோதனைகள் தளர்த்தப்பட்டன.

விளைவு யாது? சட்டமியற்றும் உரிமையும், தனித்து வணிக ஒப்பந்தஞ் செய்யும் உரிமையும் பிரித்தானியாவுக்கு மீண்டன. இவை விலகியோர் கேட்டவையே. மறுபக்கத்தில், நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில், விலகாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையினும் ஏறத்தாழ நான்கு விழுக்காடு குறையுமென அரசாங்க வரவு செலவை ஆராயும் சுதந்திரமான அலுவலகம் மதிப்பிட்டது. ஒன்றிய நாடுகளிலிருந்து வருவோர் குறைந்தனர். பிற நாடுகளிலிருந்து வந்தோரோ பெருகினர். ஆகவே 2022, 2023ஆம் ஆண்டுகளில் மொத்தக் குடிவரவு முன்னெப்போதும் இல்லாத அளவை எட்டியது. 2024இல் ஆட்சியேற்ற தொழிற் கட்சி அரசாங்கம், மீண்டும் சேர்வதில்லை என்று கூறிக்கொண்டே, 2025 மே மாதம் இலண்டனில் ஒன்றியத்தோடு உறவைச் சீர்செய்யும் இணக்கமொன்றைக் கண்டது. வாசலைக் கடந்த பின்னரும் அயலாரோடு பேச்சு முடிவதில்லை.

மக்கள் அறியாமையால் தவறினர் என்று இவ்வரலாற்றினின்றும் முடிவு கட்டுதல் பொருந்தாது. தம் ஊரில் ஆலைகள் மூடப்படுவதைப் பல்லாண்டுகள் கண்டு, தம் குரலைக் கேட்பாரில்லை என்று எண்ணியிருந்த மக்கள், கேட்கப்பட்ட ஒரு நாளில் விடையளித்தனர். குறை விடையில் அன்று, வினாவிலே இருந்தது. தெளிவான திட்டமொன்றை வகுத்து, அதன் செலவையும் பயனையும் எழுதிக்காட்டி, இதனை ஏற்கின்றீர்களா என்று கேட்டிருப்பின், தீர்ப்பு எதுவாயினும் அதனை நிறைவேற்றும் வழியும் அதனோடு கூடவே கிடைத்திருக்கும். 1997இல் ஸ்கொத்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, அரசாங்கம் முன்னரே தன் திட்டத்தை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டிருந்தது. ஆகவே அதன் பின்னர் குழப்பமில்லை.

குடியாட்சியில் மக்களே முடிவான நீதிபதிகள். ஆனால் நீதிபதியின் முன் வைக்கப்படும் வழக்கு முழுமையாக இருத்தல் வேண்டும். அதனை முழுமையாக வைப்பது ஆள்வோர் கடன். முழுமையாக வைக்கப்பட்டதா என்று கேட்பது வாக்காளர் கடன். இவ்விரு கடன்களும் ஒருங்கே நிறைவேறும் நாட்டில், சேர்வதும் பிரிவதும் ஆகிய பெரிய முடிவுகளைக்கூட, அண்டை வீட்டாரோடு பகையின்றியும் நம்முள் பிளவின்றியும் எடுத்தல் இயலும்.