அடைக்கலம் தேடிய அன்னை

மாவனல்லை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மன்னார்க் காடு முற்றிலும் அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவினின்று கடல் கடந்து வந்த அவர்தம் முன்னோருட் பலர், மன்னார்க் கரையில் இறங்கி அக்காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அக்காட்டினுள்ளேதான் மருதமடு மாதா ஆலயம் அமைந்திருக்கின்றது. சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு கூடிச் சென்று வணங்கும் இவ்வாலயத்தின் வரலாறு, தொடக்கமுதல் அகதிகளின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது.

மாந்தை என்றதும் நமக்குத் திருக்கேதீச்சரமே நினைவுக்கு வரும். பாடல் பெற்ற அத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்றது. அதே மாந்தையில் அவர்களுடைய சமயத்தைத் தழுவிய தமிழர்கள் தேவமாதாவின் திருச்சுரூபம் ஒன்றை வைத்து வழிபட்டனர். 1658 ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர், குருமாரைத் துரத்தினர். ஆட்சி மாறியபோது துன்புறுவோர் மாறினரேயன்றித் துன்பம் ஒழிந்தபாடில்லை.

1670 ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பத்தினர் அச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டினுட் புகுந்தனர் என்பது ஆலய மரபு. ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத மருதமடுவில் அவர்கள் தங்கினர். யாழ்ப்பாணத்தினின்று ஓடி வந்த கத்தோலிக்கரும் அங்கே சேர்ந்தனர். அவர்களுள் ஒருத்தியாகிய எலேனா என்னும் பெண், போர்த்துக்கேயத் தளபதி ஒருவனின் மகள் என்றும், முதற் கோயிலை எழுப்பியவள் அவளே என்றும் கூறுவர். 1687 இல் கோவாவினின்று மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப்வாஸ் அடிகளார், மறைந்து வாழ்ந்த இத்தகைய மக்களைத் தேடித் தேடித் தொண்டாற்றினார்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 ஆம் ஆண்டு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. 1872 இல் யாழ்ப்பாண மேற்றிராணியார் பொன்ஜீன் ஆண்டகை இன்றுள்ள ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2 ஆம் நாள் பாப்பரசரின் பெயரால் மடு அன்னைக்கு முடி சூட்டப்பட்டபோது, அக்கானகத்தில் ஒன்றரை இலட்சம் மக்கள் திரண்டனராம். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944 இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. யுத்தகாலப் போக்குவரத்து நெருக்கடியையும் பொருட்படுத்தாது முப்பதினாயிரவர் வந்து கூடினர். அந்த யுத்தம் மடுவின் பயணத்தைக் கடினமாக்கியதே தவிர, ஆலயத்தைத் தீண்டவில்லை.

பின்னர் வந்த உள்நாட்டு யுத்தமோ ஆலய வாசலுக்கே வந்துவிட்டது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதி மக்கள் பல்லாயிரவர் மடுவில் அடைக்கலம் புகுந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை அமைத்தது. அச்சம் மிகும்போது உள்ளே வரவும், அச்சம் தணிந்தபின் வீடு திரும்பவும் மக்களுக்கு வழி விட்டிருந்தமையால் அது அப்பெயர் பெற்றது. 1977 இலும் 1983 இலும் கலவரங்களில் அடிபட்டு மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய தோட்டத் தமிழரையும் இப்போர் விட்டு வைக்கவில்லை. தேடிச் சென்ற புகலிடத்திலும் அவர்கள் மீண்டும் அகதிகளாயினர்.

1999 மார்ச்சில் மடு இராணுவத்தின் வசமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகள் எதிர்த்துத் தாக்கினர். நவம்பர் 20 ஆம் நாள் ஆலய வளவில் எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோருள் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். இரு தரப்பினரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். இறந்தோரின் குடும்பங்களுக்கு அதனால் என்ன ஆறுதல் கிட்டியிருக்கும்?

2008 ஏப்ரலில் போர் மறுபடியும் நெருங்கியது. குருமார் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குச் சென்றனர். அகதிகளோடு காட்டுக்கு வந்த அன்னை, முந்நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் அக்காட்டை விட்டு அகதியாகவே வெளியேற நேர்ந்தது. ஆகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது. மக்கள் திரும்புவதற்கோ மேலும் காலம் பிடித்தது. 2015 ஜனவரி 14 ஆம் நாள் காலையில் கொழும்பில் யோசேப்வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரினால் நலிந்த மக்களோடு பிரார்த்தித்தார்.

கோயில் எம்மதத்தினதாயினும், அதனுட் புகுந்தவனைத் துன்புறுத்தலாகாது என்பது நம் முன்னோர் போற்றிய அறம். ஆயுதம் ஏந்தியவன் அவ்வறத்தை மதிக்கும் வரையிலேதான் ஆலயச் சுவர் அரணாக நிற்கும் என்பதை மடுவின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. பாடநூலில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆட்சியாளரை வரிசையாக மனனம் செய்யும் மாணவர்கள், அவ்வொவ்வோர் ஆட்சியிலும் இரவோடிரவாக மூட்டை கட்டியோர் யாவர் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

போரினால் நின்றுபோன புகையிரதம் 2013 இல் மடு வீதி நிலையம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆடியிலும் ஆவணியிலும் நடைபெறும் திருவிழாக்களுக்குச் செல்லும் நம்மவர், நேர்த்திக்கடனை முடித்தபின் அந்த மரநிழலிலே சற்று நேரம் அமர்தல் நன்று. அதே நிழலில் மாதக்கணக்காக வாழ்ந்தவர்களையும் அப்போது நினைத்துக்கொள்வோமாக.