555 புத்தகத்தில் எழுதிய நேரம்

கடந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஒரு கணினிப் பராமரிப்பு நிறுவனத்தில் 12 வாரம் இருந்தேன். மகன் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கப் போகிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். முதல் நாளே கருவிப் பையைக் கொடுத்து, வெளிவேலைக்குச் செல்லும் டெக்னீஷியன் அண்ணன் ஒருவருடன் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை 3 மணி. சிரம்பானில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஷா ஆலாம் கிடங்கில் உதிரிபாகத்துக்காகக் காத்திருந்து, 5.30க்குப் போய்ச் சேர்ந்தோம். சர்வர் அறைச் சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் வந்தபின், பழுதான சுவிட்சை மாற்ற 40 நிமிடம்தான் ஆனது. நெரிசலில் திரும்பியபோது இரவு மணி 9.

வேலை அறிக்கையை நிரப்பியது நான். படிவத்தில் ‘வேலை நேரம்’ என்று ஒரே ஒரு கட்டம்தான். 40 நிமிடம் என்று எழுதினேன். மறுநாள் அதைப் பார்த்த அண்ணன், “மீதி நேரம் நான் ஜாலான் ஜாலான் போனேனா தம்பி?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால், மாதக் கடைசியில் ஓவர் டைம் கணக்கிட அந்த அறிக்கைகளைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தானே தீர்மானிக்க முடியாத நேரமே வேலை நேரம் என்கிறது 60ஏ பிரிவு. அப்படியென்றால், சாவிக்காகப் படிக்கட்டில் காத்திருந்ததும் வேலைதானே? 2023 ஜனவரி 1 முதல் வாராந்திர வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு, சாதாரண வேலை நாளில் செய்யும் ஓவர் டைமுக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு.

மளிகைக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். கிளம்பியது, சேர்ந்தது, காத்திருந்தது, முடித்தது என ஒவ்வொரு வேலைக்கும் நான்கு நேரங்களை எழுதினோம். மூன்று வாரம் கழித்து அண்ணன் அதை மேற்பார்வையாளரிடம் காட்டினார். படிவத்தில் பயணத்துக்கும் காத்திருப்புக்கும் தனிக் கட்டங்கள் வந்தன. பழைய மாதங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை.

பயிற்சிக்குச் செல்லும் நண்பர்களே, அறிக்கை நிரப்பும் வேலை பெரும்பாலும் நம்மிடம்தான் வரும். கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்திலாவது முழு நேரத்தையும் எழுதுங்கள். அது இன்னொருவருடைய சம்பளம்.