சார்பெழுத்தும் சார்புப் பொதியும்: லினக்ஸ் கணினியில் தமிழ்

முதலெழுத்துகள் முப்பது என்றும், அவற்றைச் சார்ந்து வருவன குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்று என்றும் தொல்காப்பியர் வகுத்தார். சார்ந்து வருவன தாமே தனித்து நிற்க மாட்டா. ‘நாடு’ என்னும் சொல்லின் ஈற்று உகரம் குறுகி ஒலிக்க வேண்டுமாயின், அஃது ஒரு வல்லின மெய்யின்மேல் ஊர்ந்து வருதல் வேண்டும். அந்த மெய்யை நீக்கிவிட்டால் குற்றியலுகரமும் இல்லை. இவ்விதியைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்திய எனக்கு, லினக்ஸ் கணினி ஒரு நாள் தமிழை மறந்து நின்றபோதுதான் அதன் மறுபக்கம் விளங்கியது.

லினக்ஸ் என்பது, நுணுகிச் சொன்னால், 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய இயங்குதளக் கருவின் பெயர். அக்கருவோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்துத் தருவனவற்றை ‘வழங்கல்’ என்கிறோம். 1993இல் தொடங்கிய டெபியனும், அதனை அடியாகக் கொண்டு 2004இல் வெளிவந்த உபுண்டுவும் அத்தகையன. வழங்கலில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு ‘பொதி’யாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. பொதிசோறு, பொதிமாடு என்னும் வழக்குகளை அறிந்தவர்க்கு இச்சொல் புதிதன்று. ஒவ்வொரு பொதியின் மேலும், ‘நான் இயங்குவதற்கு இன்னின்ன பொதிகள், இன்ன பதிப்பிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்’ என்று எழுதப்பட்டிருக்கும். இதுவே சார்பு. முற்காலத்தில் பயனரே இச்சார்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திரிய வேண்டியிருந்தது. 1999இல் வெளியான டெபியன் 2.1 பதிப்போடு ‘ஏபிடி’ என்னும் பொதி மேலாளர் வந்து, அவ்வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது.

தமிழ் எழுதும் ஒருவர் இச்சார்புச் சங்கிலியை எந்த அளவிற்கு நம்பியிருக்கிறார் என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘கொ’ என்னும் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்99 விசைப்பலகையில் ககர விசையையும் ஒகர விசையையும் அடுத்தடுத்து அழுத்துகிறோம். அவ்விரண்டும் சேர்ந்தால் ‘கொ’ ஆகும் என்னும் விதி, ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவான ‘எம்17என்’ என்னும் தரவுத் தொகுப்பில் இருக்கிறது. அவ்விதியைச் செயலிக்கு எடுத்துச் செல்வது ‘ஐபஸ்’ என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பு. கொம்பினை இடப்பக்கமும் காலினை வலப்பக்கமும் வைத்து உருவமைப்பது ‘ஹார்ஃபஸ்’ என்னும் நிரலகம். வரிவடிவத்தைத் தருவது ‘லோகித் தமிழ்’ போன்ற ஓர் எழுத்துரு. இந்நான்கும் நான்கு தனிப் பொதிகள். இவற்றைப் பேணுவோர் வெவ்வேறு நாட்டினர். அவர்களிற் பலர் தமிழ் அறியாதவர். இவற்றுள் ஒன்று பிசகினாலும் நம் திரையில் ‘கொ’ இல்லை.

இனி, புதுப்பித்தல் பற்றிய குழப்பத்திற்கு வருவோம். ஏபிடி மேலாளருக்கு ‘அப்டேட்’ என்றோர் ஆணையும், ‘அப்கிரேட்’ என்றோர் ஆணையும் உண்டு. முன்னது நூலகத்தின் நூற்பட்டியலை மட்டும் புதிதாக வாங்கி வைக்கிறது; ஒரு நூலும் வீட்டிற்கு வாராது. பின்னதே பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வைக்கிறது. மலாய் மொழியில் முன்னதைக் ‘கெமாஸ் கினி’ என்றும் பின்னதை ‘நாயிக் தாராஃப்’ என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். தமிழில் நாம் இரண்டையும் ‘மேம்படுத்து’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ‘புதுப்பி’, ‘மேம்படுத்து’ என்று இரு சொற்களையும் பிரித்து ஆளலாம் என்பது என் கருத்து. மூன்றாவதாக ‘ஃபுல்-அப்கிரேட்’ என்றும் ஓர் ஆணை உண்டு. ‘அப்கிரேட்’ ஏற்கெனவே உள்ள பொதி எதனையும் நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவை நேர்ந்தால் நீக்கவும் செய்யும். நீக்கப்படுவனவற்றின் பட்டியலைக் காட்டி, நம் ஒப்புதலைக் கேட்ட பின்னரே நீக்கும்.

செபராங் ஜெயாவில் என் வீட்டில் ஓர் இரவு அப்பட்டியல் என் திரையில் வந்தது. இருபதிற்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. படிக்காமலேயே ஒப்புதல் விசையை அழுத்திவிட்டு உறங்கச் சென்றேன். மறுநாள் உரைக்குறிப்பு எழுத அமர்ந்தால், எந்த விசையைத் தட்டினாலும் ஆங்கில எழுத்தே வந்தது. உள்ளீட்டுப் பொதியின் பெயர் அப்பட்டியலின் நடுவில் இருந்திருக்கிறது. உரையைக் கையால் எழுதினேன். கணினியைச் சீர்செய்ய இரண்டு நாள்கள் ஆயின. பட்டியல் தமிழில் வந்திருந்தால் படித்திருப்பேன் என்று சிலகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அஃது முழு உண்மையன்று.

ஆயினும் எல்லாப் பழியையும் பயனர்மேல் ஏற்றிவிட இயலாது. 2009ஆம் ஆண்டில் ஃபெடோரா 11, உபுண்டு 9.10 ஆகிய இரண்டும், அதுவரை இயல்பாக இருந்த ‘ஸ்கிம்’ என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பை விடுத்து ஐபஸுக்கு மாறின. தொழில்நுட்ப நோக்கில் அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. ஆனால், ஸ்கிமில் தமிழ் எழுதப் பழகியவர் தம் அமைப்புகளை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்க்கு இத்தகைய மாற்றம் நடந்ததே தெரியாது. புதிய பதிப்பை வெளியீட்டிற்கு முன் சோதிப்போருள் பெரும்பாலோர் அத்தகையோரே.

எழுத்துக் குறியீடே மாறிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்து தமிழுக்கெனச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ‘ஸ்ரீ’ என்பதை ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்னும் வரிசையில் எழுதிவந்தோம். அதன்பின் ஸகரத்தின் இடத்தில் ஶகரம் வருவதே தக்கது என்றாயிற்று. எழுத்துருப் பொதி இரு வரிசையையும் ஒரே கூட்டெழுத்தாகக் காட்டினால் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். ஜார்ஜ்டவுன் குயீன் ஸ்திரீட்டில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலின் பெயரை ஒருவர் பழைய முறையிலும் மற்றொருவர் புதிய முறையிலும் உள்ளிட்டிருந்தால், ஒன்றைத் தேடுபவர்க்கு மற்றொன்று கிட்டாது. இம்மொழியில் ஆய்வுத் தரவு தொகுப்பவர்க்கு இது சிறிய இடர் அன்று.

இத்தனை தொல்லைக்கும் இடையே புதுப்பிக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பர். 2014 ஏப்ரலில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் மறையீட்டு நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அந்நிரலகத்தைப் பல செயலிகள் பொதுவாகச் சார்ந்திருந்தமையால், அவ்வொரு பொதியைப் புதுப்பித்து, அதனைப் பயன்படுத்தும் சேவைகளை மீண்டும் தொடங்கியவுடன், அவையெல்லாம் ஒருசேரத் திருந்தின. சார்பின் பயன் அது. இப்பொழுது ‘ஸ்னாப்’, ‘ஃபிளாட்பேக்’ என்னும் முறைகளில், செயலியானது தனக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதியைத் தன் பெட்டிக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வருகிறது. சார்பு முரண் குறைகிறது; ஆனால் குறையுள்ள நிரலகம் பத்துப் பெட்டிகளில் இருந்தால் பத்தையும் திருத்த வேண்டும். மேலும், பெட்டிக்குள் இருக்கும் செயலிக்கு வெளியே உள்ள உள்ளீட்டு முறையும் எழுத்துருவும் எட்டுவதற்குத் தனி வாயில் அமைய வேண்டும். அவ்வாயில் சரியாக அமையாத செயலியில் தமிழ் மீண்டும் தெருவில் நிற்கிறது.

பள்ளிக் கணினிக்கூடம் நடத்தும் ஆசிரியர்க்குச் சொல்லத்தக்கவை சிலவே. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறும் பதிப்பு வேண்டா. உபுண்டுவாயின் ஐந்தாண்டு ஆதரவுள்ள நீள்காலப் பதிப்பு, அல்லது டெபியனின் நிலைப்பதிப்பு போதும். நன்கு இயங்கும் தமிழ்ப் பொதியை ‘ஏபிடி-மார்க் ஹோல்டு’ என்னும் ஆணையால் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அதனை விடுவிக்க மறந்துவிடக் கூடாது. புதிய பதிப்பு வந்தால், கூடத்தின் எல்லாக் கணினிகளிலும் நிறுவுவதற்கு முன், யூஎஸ்பி தண்டிலிருந்து அதனை இயக்கி ஒரு மாணவரைத் தட்டச்சுச் செய்யச் சொல்ல வேண்டும். கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை உரைத்திருத்தியிலும், உலாவியிலும், லிப்ரெ ஆஃபீஸிலும் அடித்துப் பார்க்கட்டும். பிழை கண்டால், எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எந்த விசை என்று எழுதி வழங்கலின் பிழைப்பதிவுத் தளத்திற்கு அனுப்பலாம்; தமிழ் அறியாத பேணுநருக்கு ஒரு திரைப்படம் பாதி விளக்கத்தைத் தந்துவிடும். பின்னர் அதே ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து மீண்டும் ஒட்டிப் பார்க்கவும் வேண்டும். திரையில் ஒழுங்காக நின்ற கொம்பும் காலும் அங்கேதான் பெரும்பாலும் இடம் மாறிக் கிடக்கும்.