வெட்கப்பட்டு மறைக்கக்கூடாத உபாதை

பாலுணர்வு இல்லாமலோ, அது அடங்கிய பின்னரோ, ஆண்குறி 4 மணித்தியாலத்துக்கு மேல் விறைத்தபடியே நிற்பதை வைத்தியர்கள் 'பிரியாபிசம்' என்பர். இது ஆண்மையின் அடையாளமல்ல. உடனே கவனிக்க வேண்டிய நோய்.

ஏன் ஏற்படுகிறது?

ஆண்குறியினுள் கடற்பஞ்சு போன்ற இரு இழையங்கள் உள்ளன. விறைக்கும்போது அவற்றில் இரத்தம் நிறைந்து, பின்னர் நாளங்கள் வழியே வடிந்துவிடும். வடிய முடியாமல் தேங்கினால் ஒட்சிசன் குறைந்து வலி தொடங்கும், இழையங்கள் பழுதடையும். ஒரு நாளுக்கு மேல் தாமதித்தால் பின்னர் இல்லற வாழ்வே பாதிக்கப்படலாம்.

மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோர்புரோமசின், ட்ரசோடோன் போன்ற மருந்துகள் சிலருக்கு இதனை ஏற்படுத்தலாம். அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்தக்கூடாது. வைத்தியரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். விறைப்புக்காகப் போடும் ஊசி, போதைப்பொருள், இரத்தப் புற்றுநோய் என்பனவும் காரணமாகலாம். 'வீரியம் தரும்' என்று விற்கப்படும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத குளிசைகளையும் தவிர்ப்பது நல்லது.

செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைச் சோகை நோயாளருக்கு, சிறுவர் உட்பட, இது அடிக்கடி வரலாம். நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952இல் கண்டறியப்பட்ட இந்நோய் இலங்கையில் அரிது, எனினும் உண்டு.

தோணி விளிம்பிலோ சைக்கிள் பாரிலோ கவட்டில் அடிபட்டால் உள்ளே நாடி கிழிந்து இன்னொரு வகை விறைப்பு ஏற்படலாம். இதில் வலி குறைவு. ஆயினும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சை என்ன?

குறியை மரக்கச் செய்து, தேங்கிய இரத்தத்தை ஊசியால் வெளியேற்றுவர். தேவையானால் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பினைலெப்ரின் மருந்தை ஏற்றுவர். அதற்கும் அடங்காவிடில் சத்திரசிகிச்சை செய்வர். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் ஊசியோடு முடிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

எண்ணெய், பற்று, கைமருந்து என்று நேரத்தைப் போக்காதீர்கள். 4 மணித்தியாலமாகியும் அடங்காவிடில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, அருகிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்கோ இரவானாலும் புறப்படுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

முன்னர் படுவான்கரையில் இருந்து வாவியைக் கடக்கப் பாதைப்படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு அவ்வழியில் அந்தத் தாமதம் நீங்கிற்று. வெட்கத்தால் வரும் தாமதத்தை நாம்தான் நீக்க வேண்டும். மகனோ கணவனோ தயங்கிச் சொன்னால் சிரிக்காமல், ஏசாமல், உடன் அழைத்துச் செல்லுங்கள்.