ஆயாம்மாவா... ப்ளே ஸ்கூலா? வேலைக்குப் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை!

சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆக, விடுப்பு முடியும்போது குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ கிண்டிக்கோ திரும்ப வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அன்றே தொடங்கிவிடும் கவலை... பிள்ளையை யாரிடம் விடுவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலைக்காகக் குடிவந்த குடும்பங்கள் ஏராளம். தாத்தா, பாட்டி சொந்த ஊரில் இருப்பார்கள். மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, ஆயாம்மா, அல்லது அதே தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. மற்றொன்று, ப்ளே ஸ்கூல்.

முதலில் வயது

ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பாடம் முக்கியமில்லை. பழகிய ஒரு முகம்தான் முக்கியம். 1-2 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேரத்துக்கு ஊட்டி, தூங்கவைக்க ஒரே ஆள் இருப்பது இந்த வயதில் பெரிய பலம். 

இரண்டரை, மூன்று வயதில் நிலைமை மாறும். பேச்சு வளரும், கூட விளையாட ஆள் தேடும். அப்போது ப்ளே ஸ்கூல் கைகொடுக்கும். எல்.கே.ஜி-க்கே 3 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன்பே எழுத்து பழக்க அவசரப்பட வேண்டாம்.

அடுத்து கடிகாரம்

பலரும் தவறவிடுவது இதைத்தான். பெரும்பாலான ப்ளே ஸ்கூல்கள் மதியத்தோடு முடிந்துவிடும். அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து, பஸ்ஸோ ரயிலோ பிடித்து வீடு வந்துசேர இரவு ஏழாகிவிடும். இடைப்பட்ட ஆறேழு மணி நேரத்துக்கு யார்? ஆக, பள்ளியோடு டே கேரும் வேண்டும், அல்லது கூட்டிவந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே அட்மிஷன் போடுவது நல்லது.

மூன்றாவது வழியும் உண்டு!

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் கொண்டுவந்த உரிமை இது. ஹெச்.ஆரிடம் தயங்காமல் கேட்கலாம். 

2 வயது முடிந்திருந்தால் அங்கன்வாடியும் இருக்கிறது. பலர் இன்னும் ‘பால்வாடி’ என்றே சொல்லும் இங்கே கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடும் உண்டு.

சேர்க்கும் முன்...

* ஆயாம்மா என்றால், அடையாள ஆவணமும் முன்பு வேலை பார்த்த வீட்டாரின் கருத்தும் தேவை. அவர் வராத நாளில் யார் பார்ப்பது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

* பள்ளி என்றால், அரசு அங்கீகாரம் உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கேட் பூட்டியிருக்கிறதா, யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பார்கள் என்று கேட்க வேண்டும். கழிவறையையும் நேரில் பார்ப்பது அவசியம்.

* இரண்டு இடத்திலும் டி.வி., செல்போன் பற்றிக் கேட்க வேண்டும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2-4 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

* முதல் வாரம் விடுப்பு போட்டு, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என விட்டுப் பழக்கலாம். ஒருமுறை சொல்லாமல் போய்ப் பார்ப்பதிலும் தவறில்லை.

அழுகையைக் கவனியுங்கள்

விட்டுவரும்போது அழுவது இயல்பு. பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். ஆனால், பழகிய பிள்ளை திடீரென மிரள்வது, சாப்பாட்டை ஒதுக்குவது, இரவில் அலறி விழிப்பது, உடம்பில் காரணம் தெரியாத காயம்... இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே விசாரிக்க வேண்டும். கட்டிய ஃபீஸ் போனாலும் பரவாயில்லை, இடத்தை மாற்றிவிடலாம்.