தீப்பொறி நேரப் பிறழ்வு (ஸ்கூட்டர்)

தீப்பொறி நேரப் பிறழ்வு என்பது, பெட்ரோல் பொறி ஒன்றில் தீப்பொறி தோன்ற வேண்டிய கணம் ஒரே நிலையில் நில்லாமல் முன்னும் பின்னுமாக மாறுவதால் ஏற்படும் கோளாறு ஆகும். பட்டறை வழக்கில் இது 'டைமிங் நிற்கவில்லை' எனக் கூறப்படும். பஜாஜ் சேட்டக், லாம்பிரெட்டா, விஜய் சூப்பர் முதலிய பழைய இருவீச்சு ஸ்கூட்டர்களில் இக்கோளாறு பரவலாகக் காணப்படுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி, சவ்வாது மலைப்பாதைகள் போன்ற ஏற்றங்களில் இதன் விளைவுகள் சமவெளியைவிடத் தெளிவாக வெளிப்படும்.

பின்னணி

இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தின் வெஸ்பா ஸ்கூட்டர்களைப் பஜாஜ் நிறுவனம் 1948 இல் இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1959 இல் இரு சக்கர வாகனங்களைத் தயாரிப்பதற்கு அரசு உரிமம் பெற்றது. சேட்டக் 1972 இல் அறிமுகமானது. வெஸ்பா ஸ்பிரின்ட்டை அடிப்படையாகக் கொண்ட இதன் பொறி 145.45 கன செ.மீ. கொள்ளளவு உடையது. பெட்ரோல் சேட்டக்கின் உற்பத்தி 2009 இல் நிறுத்தப்பட்டது. 2020 இல் அதே பெயரில் வெளிவந்தது மின் ஸ்கூட்டர் ஆகும். அதில் தீப்பொறிக்கே இடமில்லை. பழைய வண்டிகளைப் பேணுவோருக்கு இக்கோளாற்றைப் பற்றிய அறிவு இன்றும் தேவைப்படுகிறது.

செயற்பாடு

சிலிண்டரில் அழுத்தப்பட்ட எரிபொருட் கலவை நொடிப்பொழுதில் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் ஆகும். ஆகவே பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி தோன்ற வேண்டும். இவ்வகை ஸ்கூட்டர்களில் இம்முன்னளவு பெரும்பாலும் 20 முதல் 25 பாகைக்குள் அமையும். வீச்சின் நீளம் 57 மி.மீ. உள்ள பொறியில் 22 பாகை என்பது, பிஸ்டன் மேல் எல்லைக்கு ஏறத்தாழ இரண்டரை மி.மீ. கீழே இருக்கும் நிலையாகும்.

நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் சுழலும்போது ஒரு சுற்றுக்கு 12 மில்லி நொடிகளே ஆகின்றன. 22 பாகையைக் கடக்க முக்கால் மில்லி நொடிக்கும் குறைவான நேரமே கிடைக்கிறது. இதனால் மிகச் சிறிய இயந்திரத் தளர்வும் பெரிய நேரப் பிழையாக மாறுகிறது.

பொறியின் வணரித்தண்டில் (கிராங்க்) காந்தச் சக்கரம் பொருத்தப்பட்டுள்ளது. பட்டறைகளில் 'மேக்னட்' எனப்படுவது இதுவே. இது சுழலும்போது உள்ளே உள்ள தகட்டில் அமைந்த சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 'பாயின்ட்' எனப்படும் தொடுமுனைகள் மூடியிருக்கும்வரை அம்மின்னோட்டம் அவற்றின் வழியே தரைக்குச் செல்லும். சக்கரத்தின் மையத்திலுள்ள முகடு தொடுமுனைகளைத் திறக்கும் கணத்தில் அவ்வழி அறுபடுகிறது. அப்போது உயர் மின்னழுத்தம் உருவாகிப் பிளக்கில் பொறி பாய்கிறது. எனவே தொடுமுனை திறக்கும் கணமே தீப்பொறி நேரம் ஆகும். பிற்காலத்து மின்னணு வகைகளில் தொடுமுனைக்குப் பதிலாக உணர்சுருள் ஒன்று இக்கணத்தைக் குறிக்கிறது.

விளைவுகள்

நேரம் மிக முந்தினால் பிஸ்டன் மேலேறும்போதே அழுத்தம் உச்சத்தை நெருங்கும். பொறியில் தட்டும் ஓசை கேட்கும், வெப்பம் மிகும், பிஸ்டனின் தலை உருகித் துளை விழவும் கூடும். உதைத்து இயக்கும்போது மிதி எதிர்த்து அடித்துக் கணுக்காலில் காயம் ஏற்படலாம். நேரம் பிந்தினால் இழுவை குறையும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். புகைபோக்கி அளவுக்கு மீறிச் சூடாகும். நேரம் நிலையின்றி மாறினால் இவ்விரண்டும் மாறி மாறித் தோன்றும். இதனால் பலர் கார்புரேட்டரையே குறைகூறி, தேவையற்ற பாகங்களை மாற்றிச் செலவு செய்கின்றனர்.

காரணங்கள்

1. தொடுமுனை இடைவெளி: வெஸ்பா வகைகளில் இது 0.3 முதல் 0.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் தொடுமுனை முன்னதாகத் திறந்து நேரம் முந்தும், குறைந்தால் பிந்தும். முகட்டில் உரசும் நார்க்கட்டை தேய்ந்தால் இடைவெளி குறைகிறது. வில்சுருள் தளர்ந்தால் வேகமான சுழற்சியில் தொடுமுனை துள்ளுகிறது.

2. மின்தேக்கி (கண்டன்சர்): இது பழுதானால் தொடுமுனைகளுக்கிடையே பொறி பாய்ந்து அவை கருகும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் தடுமாறும் வண்டிகளில் இதை முதலில் ஐயுற வேண்டும்.

3. வணரித்தண்டின் பேரிங்: காந்தச் சக்கரப் பக்கத்துப் பேரிங் தேய்ந்தால் சக்கரம் மேலும் கீழும் ஆடும். அத்துடன் முகடும் ஆடுவதால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். எத்தனை முறை நேரத்தைச் சரிசெய்தாலும் நிலைக்காமைக்கு இது முக்கியக் காரணம் ஆகும்.

4. அரைவட்டச் சாவி: காந்தச் சக்கரத்தைத் தண்டுடன் ஒரே நிலையில் பொருத்தும் சிறு இரும்புத் துண்டு இது. சக்கரத்தின் மரை தளர்ந்தால் இச்சாவி நசுங்கி, சக்கரம் தன் நிலையிலிருந்து நகரும்.

5. தகட்டின் திருகாணிகள்: இவை தளர்ந்தால் தகடு அதிர்வால் மெல்லத் திரும்பும்.

6. கம்பிகள்: தகட்டிலிருந்து வரும் கம்பிகளின் மேலுறை வெப்பத்தாலும் எண்ணெயாலும் வெடித்து, இடையிடையே தரையைத் தொடும். மின்னணு வகைகளில் இதுவும் உணர்சுருளின் பழுதுமே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

கண்டறியும் முறை

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவது முறையாகும். முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் இடைவெளியை 0.6 மி.மீ. அளவில் வைக்க வேண்டும். பின்னர் காந்தச் சக்கரத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். இத்திசையில் ஆட்டம் தெரிந்தால், பேரிங்கை மாற்றாமல் நேரத்தைச் சரிசெய்வது வீண் உழைப்பாகும்.

அடுத்து மேல் எல்லையைக் கண்டறிய வேண்டும். பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் முட்டு ஒன்றைப் பொருத்தி, சக்கரத்தை இரு திசையிலும் மெதுவாகத் திருப்பி, நிற்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். இரு குறிகளின் நடுப்புள்ளியே மேல் எல்லையாகும். அங்கிருந்து வண்டிக்குரிய பாகையை அளந்து சக்கரத்தில் கோடிட வேண்டும்.

தொடுமுனை திறக்கும் கணத்தை அறிய, அதனிடையே மெல்லிய தாள் ஒன்றைச் செருகி மெதுவாக இழுத்தபடி சக்கரத்தைத் திருப்பலாம். தாள் விடுபடும் இடமே திறக்கும் இடம். முதலில் இடைவெளியையும், அதன் பின்னரே தகட்டின் நிலையையும் சரிசெய்ய வேண்டும். இவ்வரிசை மாறினால் நேரம் மீண்டும் பிசகும். தகட்டைச் சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் நேரம் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

இறுதியாக, ஓடும் பொறியில் ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டு கோட்டைப் பார்க்க வேண்டும்.

- கோடு அசையாமல், ஆனால் இடம் விலகி நின்றால்: அமைப்பு தவறு, அல்லது அரைவட்டச் சாவி நகர்ந்துள்ளது.
- கோடு நடுங்கினால்: பேரிங் அல்லது தொடுமுனை பழுது.
- கோடு இடையிடையே மறைந்தால்: கம்பி, காயில் அல்லது மின்தேக்கி பழுது.
- சூடானதும் மட்டும் மாறினால்: மின்தேக்கி அல்லது உணர்சுருள் பழுது.

மலைப்பாதைகளில்

ஏலகிரிக்குச் செல்லும் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால் கலவையில் பெட்ரோலின் விகிதம் கூடி, பொறி மந்தமாகும். இதை நேரப் பிறழ்வு எனத் தவறாகக் கருதலாகாது. கீழே இறங்கியதும் குறை நீங்கினால் அது கலவை சார்ந்தது. சமவெளியிலும் தொடர்ந்தால் பிற காரணங்களைத் தேட வேண்டும்.

இவ்வண்டிகளைக் குளிர்விப்பது காந்தச் சக்கரத்தோடு இணைந்த விசிறியே. உயர்ந்த கியரில் மெதுவாக இழுத்து ஏறும்போது விசிறியின் வேகம் குறைகிறது, பொறியின் சுமையோ கூடுகிறது. நேரம் முந்திய பொறி இந்நிலையில் எளிதில் இறுகிவிடும். ஓடும் வண்டியில் பொறி இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்; வளைவில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏற்றத்தில் தட்டும் ஓசை கேட்டால் உடனே கிளட்சைப் பிடித்து, ஓரமாக நிறுத்திப் பொறியைக் குளிரவிட வேண்டும். தாழ்ந்த கியரில் ஏறுவதும், மலைப்பயணத்திற்கு முன் இடைவெளியையும் காந்தச் சக்கரத்தின் மரையையும் சோதிப்பதும் இத்தகைய விபத்துகளைத் தவிர்க்க உதவும்.