லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? வடக்கில் ஒரு கார் உண்மையில் என்ன விலை?

யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ கார் வைத்திருக்கும் இருவர் ஒரு கலியாண வீட்டு வாசலில் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி ஒன்றுதான்: “லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?” பதிலைக் கேட்டதும் ஒருவர் முகம் மலரும், மற்றவர் பேச்சை மாற்றுவார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. இருப்பதை விற்றுவிட்டுப் புதியதுக்கு மாறலாமா, லீசிங் எடுக்கலாமா, வெளிநாட்டில் இருக்கும் சகோதரரிடம் கேட்கலாமா என்று பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் எரிபொருளோடு நின்றுவிடுகிறது. போரைக் கடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு வாகனம்தான். பிழையாக எடுத்த ஒரு கார் ஐந்து வருடக் கடனாக நிற்கும்.

தடைக்காலத்தின் கார்

எங்கள் ஊர்களில் வாகனங்களை ஒப்பிடும் பழக்கம் இன்று தொடங்கியதல்ல. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோலும் பற்றறியும் தடைப் பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தில் எந்தக் கார் நல்லது என்ற கேள்விக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: மண்ணெண்ணெயில் ஓடுமா?

அதில் வென்றவை 1940களிலும் 50களிலும் வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்ததால், அவற்றை விற்றுத்தள்ளாமல் திருத்தித் திருத்தி ஓடியது ஊர். அந்தப் பழக்கமே தடைக்காலத்தில் கைகொடுத்தது.

அவை ஏன் மண்ணெண்ணெயில் ஓடின? எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்பட்டு, பிளக் தரும் தீப்பொறியில் எரிகிறது. எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை அழுத்த விகிதம் என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு; அதிகம் நெருக்கினால் தீச்சுவாலை சென்றடைவதற்கு முன்பே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். 1200 சிசி ஏ40 எஞ்சினின் அழுத்த விகிதம் 7 அளவில்தான். இன்று ஓடும் ரொயோட்டா அக்குவாவின் விகிதம் 13ஐத் தாண்டும். ஏ40 பொறுத்துக்கொண்டதை அக்குவா பொறுக்காது.

இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே கைவசம் இருக்கும் சில துளி பெற்றோலை கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மோட்டார் சைக்கிள்களும் இதே முறையில்தான் ஓடின. அதற்கு விலையும் இருந்தது. பிளக் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் வடிந்து அதைத் தண்ணீராக்கும், போகும் வழியெல்லாம் வெள்ளைப் புகை கிளம்பும். ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தப் புகைதான் இருந்தது.

கைவிட்டு வந்தவை

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையானபோது பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளிலும்தான் தென்மராட்சிக்குப் போனார்கள். 2009இல் வன்னியில் நிலைமை மறுபக்கம் திரும்பியது. உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர், வான், மோட்டார் சைக்கிள் என்று எதில் ஏற்ற முடிந்ததோ அதில் வீட்டை ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த மக்கள், இறுதியில் வட்டுவாகல் பாலத்தை வெறுங்கையோடு கடந்தார்கள். பின்னால் விட்டுவந்த வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் நீண்டகாலம் குவிந்து கிடந்ததை அவ்வழியே போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வாகனத்தோடு பதிவுப் புத்தகமும், காப்புறுதிப் பத்திரமும், வாங்கிய பற்றுச்சீட்டும் போயின. உழைத்து வாங்கியதை நிரூபிக்கக்கூட கையில் ஒரு கடதாசி இல்லாத நிலை. போருக்குப் பின் அந்த இடத்தை நிரப்பியது லீசிங். ஏ9 திறந்ததும் வாகனக் காட்சியறைகளும் நிதி நிறுவனங்களும் வந்தன. சேமிப்பு எல்லாம் அழிந்துபோன மக்களுக்கு, முற்பணம் மட்டும் கொடுத்தால் வாகனம் என்பது பெரிய வாசலாகத் தெரிந்தது. மாதக்கட்டணம் தவறியபோது வாகனத்தைப் பறிகொடுத்த கதைகளும் அந்த வாசல் வழியாகவே வந்தன.

2022 நடத்திய பரீட்சை

எந்தக் கார் சிக்கனம் என்ற வாதத்துக்கு 2022 ஒரு பொதுப் பரீட்சை வைத்தது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கிடப்பட்டது.

அந்த 20 லீற்றர் எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் சிறிய அல்ரோவுக்கு அது 320 கிலோமீற்றர். 8 கிலோமீற்றர் ஓடும் பழைய காருக்கு 160. லீற்றருக்கு 50 ஓடும் மோட்டார் சைக்கிளோ 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் போனது. பெரிய காரை வீட்டில் நிறுத்திவிட்டு மகனின் மோட்டார் சைக்கிளை எடுத்தவர்கள் பலர். மண்ணெண்ணெய் என்ற பழைய கதவும் அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் அடைபட்டது. 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானதில் கடற்றொழிலாளர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

யாருக்கு எது?

இன்று வடக்கு வீதிகளில் அதிகம் காணும் வாகனங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

*சிறிய இந்தியக் கார்:* மாருதி 800, அல்ரோ. 800 சிசி எஞ்சின், எளிமையான அமைப்பு, எந்தச் சந்தியிலும் திருத்த ஆள் உண்டு, உதிரிப்பாகம் மலிவு. குடும்பத்தில் நால்வர், ஊருக்குள் ஓட்டம் என்றால் போதுமானது. ஐந்து பேரோடு பொதிகளும் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போகும்போதுதான் மூச்சு வாங்கும். மெல்லிய உடல் என்பதால் நெடுந்தூர ஓட்டத்தில் பாதுகாப்பும் குறைவு.

*ஹைபிரிட்:* அக்குவா, பிரியஸ், வகன் ஆர். இவற்றின் இரகசியம் பிரேக்கில் இருக்கிறது. மற்றக் கார்களில் பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் சக்தியை இவை மின்சாரமாக்கிப் பற்றறியில் சேமித்து, அடுத்த முறை நகரும்போது பயன்படுத்துகின்றன. அதனால்தான் நின்று நின்று போகும் கொழும்பு நெரிசலில் இலாபம் அதிகம். மாங்குளத்திலிருந்து ஓமந்தை வரை பிரேக்கைத் தொடாமல் போகும் வீதியில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். பற்றறிக்குக் குளிர்க்காற்று அனுப்பும் சிறிய விசிறியின் வடியை எங்கள் புழுதி அடைத்துவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பற்றறி சூடாகி ஆயுள் குறையும். பழைய ஹைபிரிட் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது பெயின்ற் அல்ல, பற்றறிப் பரிசோதனை அறிக்கை.

*மின்சாரக் கார்:* 2015ஐ ஒட்டி வந்த நிசான் லீஃப் இன்னும் ஓடுகிறது. அதன் பற்றறியைக் குளிரவைக்கத் தனியான திரவ அமைப்பு இல்லாததால் வெப்பமான இடத்தில் வேகமாகத் தளரும். மீற்றரில் பற்றறியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று பார்த்தே விலை பேச வேண்டும். வீட்டில் சூரிய மின்சாரம் இருந்து, யாழ் நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு நல்ல தெரிவு. கொழும்புக்கு அடிக்கடி போகிறவருக்கு அல்ல.

*வான்:* ஹயஸ் வைத்திருப்பவர் லீற்றர்க் கணக்கில் எப்போதும் தோற்பார். ஆனால் அவருடைய வாகனம் உழைக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள், விமான நிலைய ஓட்டம், மடு யாத்திரை, அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றப்படும் நோயாளி என்று வருமானம் உண்டு. செலவையும் வரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் வானின் கணக்குப் புரியும்.

*பழைய கார்:* ஏ40யும் மைனரும் இன்று பெரும்பாலும் கலியாண ஊர்வலத்துக்கு. கணினி இல்லாமல் திருத்தலாம் என்பது பலம். அந்தத் திருத்தம் தெரிந்த மெக்கானிக்குகள் முதுமையடைந்து வருகிறார்கள் என்பது பலவீனம்.

இந்த ஐந்து வகைக்கும் குறுக்கே இன்னொரு தேவையும் இருக்கிறது. போரில் கால் இழந்தவர்கள் வாழும் மண் இது. இடது காலை இழந்த ஒருவருக்கு கிளச் மிதி இல்லாத ஓட்டோமற்றிக் கார், பிறர் உதவியில்லாமல் வெளியே போவதற்கான வழி. வலது காலை இழந்தவருக்கு மிதியை இடப்பக்கம் மாற்றும் அல்லது கையால் இயக்கும் அமைப்பு வேண்டும். மாற்றங்கள் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிந்து, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான வைத்தியப் பரிசோதனையையும் முடித்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கு லீற்றர்க் கணக்கு இரண்டாம் பட்சம்.

மிச்சம் உண்மையில் எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும், ஒரு குடும்பம் மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 16 ஓடும் சிறிய காருக்கு 50 லீற்றர், 15,000 ரூபா. லீற்றருக்கு 22 ஓடும் ஹைபிரிட்டுக்கு 36 லீற்றருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 10,900 ரூபா. மாத மிச்சம் 4,100 ரூபா. வருடத்துக்கு 49,000 ரூபா.

இரண்டு கார்களுக்கும் விலை வித்தியாசம் 20 இலட்சம் என்றால், அதை எரிபொருள் மிச்சத்தில் மீட்க 40 வருடம் வேண்டும். அந்த 20 இலட்சமும் லீசிங் பணம் என்றால், வட்டி அந்த மிச்சத்தை முதல் சில மாதங்களிலேயே விழுங்கிவிடும். மாதம் 4,000 கிலோமீற்றர் வாடகைக்கு ஓடுபவருக்குக்கூட அதே வித்தியாசத்தை மீட்க எட்டு வருடங்கள் செல்லும்.

வசதிக்காக, பாதுகாப்புக்காக, ஓட்டச் சுகத்துக்காக ஹைபிரிட் எடுப்பது ஒருவரின் விருப்பம். பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தான் எடுக்கிறோம் என்று சொல்லிக் கடன் வாங்குவதுதான் ஆபத்து.

கார் விலை இவ்வளவு உயர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது ஒன்று. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறும் முறை மற்றது. சுங்கத் தீர்வை, எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி எல்லாம் சேர்ந்த தொகையின் மேல்தான் 18 வீத வற் வரியும் விழுகிறது. பழைய கார்களின் விலையும் புதியவற்றைப் பார்த்தே ஏறுகிறது.

எங்கள் தண்ணீரும் எங்கள் காற்றும்

கொழும்பில் நன்றாக ஓடிய கார் யாழ்ப்பாணத்தில் ஏன் அடிக்கடி சூடேறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றடியில் கேத்தலைப் பார்த்தால் பதில் தெரியும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றருக்குள்ளும் படிந்து சிறிய குழாய்களை அடைக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ற் பாவிப்பது சிறிய செலவு. எஞ்சின் கெட் கழற்றுவது பெரிய செலவு. கரையோரத்தில் இருப்பவர்கள் வாகனத்தின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவினால் உப்புத் துரு தள்ளிப்போகும்.

புத்தகம் யாருடைய பெயரில்?

கடைசி ஒப்பீடு கடதாசியில். எங்கள் பகுதிகளில் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறும் வாகனங்கள் ஏராளம். விற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவத்தை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் ஓடுவார்கள். விற்றவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ சிக்கல் தொடங்கும். விபத்து நடந்தால் வழக்கு புத்தகத்தில் பெயர் உள்ளவரையும் தேடிப்போகும்.

வாங்கும் முன் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை. இரண்டில் எது என்று அந்த நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கப்படாமல் நிலுவையில் இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த நிலுவை உங்கள் தலையில்தான் விழும்.

புத்தகத்தையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். எல்லாக் கடதாசிகளையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பையையே தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்த கலியாண வீட்டில் லீற்றருக்கு எவ்வளவு ஓடுது என்று யாராவது கேட்டால், பதில் சொல்லிவிட்டு நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுறீங்கள்? புத்தகம் யாரின்ர பெயரில இருக்கு?